தோளில் தொங்கும் மரம்

மின்கிதாருக்கு எந்த மரம் என்று கேட்டால் எல்லோரும் நாதத்தைப் பற்றியே பேசுவார்கள். கம்பியின் அதிர்வைக் காந்தச் சுருள் மின்னோட்டமாக மாற்றும் கருவியில் மரத்தின் பங்கு எவ்வளவு என்பது முடிவில்லாத வழக்கு. எடையில் வழக்கே இல்லை. அது தோளுக்குத் தெரியும்.

என்னிடம் இருப்பது 1952இல் கிப்சன் கொண்டுவந்த லெஸ் பால் வடிவக் கிதார். மஹோகனி உடல், மேலே மேப்பிள் பலகை, நாலரைக் கிலோ. சிமெண்ட் மூட்டை சுமப்பவர்கள் வாழும் ஆலத்தியூரில் இதைப் பாரம் என்று சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருவிழா மேடையில் ஒரு மணி நேரம் நின்று வாசித்தால் இடது கை விரல்கள் மரத்துவிடுகின்றன. வாசிப்பையோ எடையையோ, இரண்டில் ஒன்றை விட்டுவிடச் சொன்னார் மருத்துவர்.

எடையை விடுவதென்று தீர்மானித்தேன். மேப்பிள் கழுத்து ஒன்றை விலைக்கு வாங்கினேன். உடலை இங்கேயே செய்துகொள்ளலாம். கணக்கு எளிது. கிதார் உடலின் கன அளவு ஏறத்தாழ 4 லிட்டர். லிட்டருக்கு 450 கிராம் உள்ள ஆல்டரில் 1.8 கிலோ வரும்; 650 கிராம் உள்ள தேக்கில் 2.6 கிலோ. கதவுக்கென்று வீட்டில் அறுத்து வைத்திருக்கும் வேம்பும் கனமானதுதான். குமிழ் ஆல்டருக்கு அருகில் நிற்கும், நன்றாக உலர்ந்திருந்தால்.

குமிழ்ப் பலகை வேண்டுமென்று ஆசாரியிடம் போனேன். அவர் கழுத்தைக் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்தார். "உடம்பு இளைச்சா தலை சாயுமே, தம்பி" என்றார்.

கிதார் வாசிக்காதவர் சொன்னது அது. உடல் இலேசானாலும் கழுத்தும் அதன் நுனியிலுள்ள பிரடைகளும் இளைப்பதில்லை. தோள்வாரில் தொங்கும்போது தலை கீழே இறங்கும். சுரம் பிடிக்க வேண்டிய இடது கை அதைத் தாங்கிக்கொண்டிருக்கும். 1961இல் வந்த கிப்சன் எஸ்.ஜி. மெலிந்த உடல் கொண்டது. அதை வாசிப்பவர்களின் பழைய புகார் இதுதான். 1954இன் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் மேல் கொம்பு 12ஆம் மெட்டுவரை நீள்கிறது. தோள்வார் அங்கே மாட்டப்படுவதால் தாங்குபுள்ளி தலைப்பக்கம் நகர்கிறது. இலேசான மரம் அந்த வடிவத்துக்குப் பொருந்துகிறது.

தஞ்சாவூர் வீணையைப் பலாமரத்தில்தான் செய்கிறார்கள். அது மின்கிதாரைவிடப் பாரம், நீளமும் அதிகம். ஆனால் குடம் தரையில் அமர்கிறது, யாளிப் பக்கத்துச் சுரைக்காய் இடது தொடையில் சாய்கிறது. தோளை யாரும் கேட்பதில்லை. கிதாரில் கர்நாடக இசை வாசிக்கும் ஆர். பிரசன்னாவும் சம்மணமிட்டே வாசிக்கிறார். மெல்லிசை மேடையில் அது செல்லாது.

ஆகவே குமிழ்தான், ஆனால் கொம்பு நீளமாக. பிரடைகளும் சிறியவையாக மாற வேண்டும். உள்ளே குடையலாமா என்று கேட்டதற்கு, முதலில் காயட்டும் என்றார் ஆசாரி. பலகை பட்டறை நிழலில் நிற்கிறது. தையில் எடை போட்டுப் பார்ப்போம் என்றிருக்கிறார்.