குட்டி யானை வாங்குறதுக்கு முன்னாடி

செகண்ட் ஹேண்ட்ல குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் பார்த்துக்கிட்டு இருக்கற யாராவது உங்க வீட்லயோ தெருவுலயோ இருந்தா இந்த த்ரெட்டை அவங்களுக்கு அனுப்புங்க.

"வண்டி மார்க்கெட்ல டாக்டருக்கு என்ன வேலை?"ன்னு கேட்கலாம். அந்த வண்டி கவுந்த பிறகு வர்ற பேப்பர் வேலை முதல்ல எங்க மேஜைக்குத்தான் வருது. அதனால எழுதறேன்.

ஒரகடம் ரோட்ல நின்னு பாருங்க. புது கார்களை அடுக்கிக்கிட்டு டிரெய்லர் போகும். அதுக்கு நடுவுல புகுந்து போறது எல்லாம் முக்கால் டன், ஒன்றே கால் டன் வண்டிங்க. கேன்டீனுக்குக் காய்கறி, வாட்டர் கேன், பேலட் கட்டை எல்லாம் இதுலதான் போகுது. 2005-ல டாடா ஏஸ் வந்துச்சு, 2011-ல தோஸ்த். கான்ட்ராக்ட் வேலை முடிஞ்சு, கையில இருக்கற காசுல சொந்தமா ஏதாவது செய்யலாம்னு நினைக்கறவங்க முதல்ல தேடறது ஒரு பழைய வண்டியைத்தான். நல்ல யோசனைதான்.

இன்ஜின், கிளட்ச், டயர் எல்லாம் உங்க மெக்கானிக் பார்த்துக்குவார். சேஸ்ல எங்கயாவது வெல்டிங் வச்சிருக்கான்னு மட்டும் குனிஞ்சு பார்க்கச் சொல்லுங்க. ஓவர்லோடு அடிச்ச வண்டியை பெயின்ட் மறைச்சிடும்.

நான் சொல்ல வந்தது பேப்பர் பத்தி.

எம்பரிவாகன் ஆப்ல நம்பரைப் போட்டா எஃப்.சி., இன்சூரன்ஸ் எது வரைக்கும்னு தெரியும். சரக்கு வண்டிக்கு 8 வருஷம் வரை 2 வருஷத்துக்கு ஒரு எஃப்.சி., அப்புறம் வருஷா வருஷம். விலை சல்லிசா இருந்தா இந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க. ஃபைனான்ஸ் பாக்கி இருந்து ஹெச்.பி. கேன்சல் ஆகலைன்னா முழுப் பணம் கொடுக்காதீங்க.

"பேரை மெதுவா மாத்திக்கலாம்"னு சொல்வாங்க. வேண்டாம். வாங்கினவர் 30 நாளுக்குள்ள ஆர்.டி.ஓ.வுக்குச் சொல்லணும். இன்சூரன்ஸ்ல பேர் மாத்த 14 நாள்தான். விக்கறவங்களுக்கும் இது முக்கியம். நவீன் குமார் வழக்குல 2018-ல உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், ஆர்.சி.யில யார் பேர் இருக்கோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு.

இப்ப கேஷுவாலிட்டிக்கு வருவோம்.

விபத்துன்னு யார் வந்தாலும் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல எழுதுவோம். ஏ.ஆர். காப்பின்னு நீங்க கேட்டு வாங்கறது அதுதான். என்ன வண்டி, எங்க உட்கார்ந்திருந்தார், எப்படி அடிபட்டது எல்லாம் அதுல இருக்கும். இடுப்பெலும்பு உடைஞ்சு வந்தவரே "பின்னாடி தொட்டியில உட்கார்ந்திருந்தேன்"னு சொல்வார், எழுதிடுவோம். ரெண்டு மணி நேரம் கழிச்சு வண்டி ஓனரும் அவரோட அண்ணனும் சேர்ந்தே வருவாங்க. "சார், முன்னாடி கேபின்ல இருந்தார்னு மாத்தி எழுத முடியுமா?"

முடியாது. ஆனா ஏன் கேட்கறாங்கன்னு தெரியும்.

2002 டிசம்பர்ல ஆஷா ராணி வழக்குல உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லிடுச்சு: சரக்கு வண்டியில சும்மா ஏறி வந்தவருக்கு நஷ்டஈடு தர வேண்டிய கட்டாயம் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்ல. ஏறினவர் காசு கொடுத்தாரா, ஓசியில வந்தாரா என்பது பெரிசா உதவாது. சில கேஸ்ல கம்பெனியை முதல்ல கொடுக்கச் சொல்லி, அப்புறம் ஓனர்கிட்ட வசூலிச்சுக்கச் சொல்வாங்க. ஓனர்னா யாரு? மூணு மாசத்துக்கு முன்னாடி நகையை அடகு வச்சு வண்டி எடுத்தவர்.

நம்ம பக்கம் இது தினமும் நடக்குது. ஷிப்ட் முடிஞ்சு பஸ் இல்லைன்னு நாலு பேர், வெளிமாநிலத் தம்பிங்க பத்துப் பேர், மஞ்சள் நீராட்டுக்குப் போற மொத்தக் குடும்பம். ஏத்த மாட்டேன்னு சொந்தக்காரங்ககிட்ட சொல்றது எவ்வளவு கஷ்டம்னு எனக்குப் புரியாம இல்ல.

அடிபட்டா முதல் 48 மணி நேர சிகிச்சையை அரசு பார்த்துக்கும். 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'இன்னுயிர் காப்போம்' திட்டம் வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. எங்க உட்கார்ந்திருந்தீங்கன்னு அதுல யாரும் பார்க்க மாட்டாங்க. அதுக்கப்புறம் ஆறு மாசம் வேலைக்குப் போக முடியாம படுத்திருக்கறவர் வீட்டு வாடகைக்குத்தான் நஷ்டஈடு வேணும்.

அதனால அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி பாலிசி காப்பியை வாங்கிப் பாருங்க. ஆர்.சி.யில சீட் எத்தனை, டிரைவருக்கும் லோடுமேனுக்கும் பிரீமியம் கட்டியிருக்கான்னு கேளுங்க. "அதெல்லாம் இருக்கு சார்"னு ஏஜென்ட் சொன்னா, எந்த வரியில இருக்குன்னு விரல் வச்சுக் காட்டச் சொல்லுங்க.