கோடு விழுந்த ரீவியும் பாம்பு கேமும்



முந்தநாள் நானாவின் மகன் போனில் பழைய மாரியோ விளையாடிக்கொண்டிருந்தான். ஸ்கிரீன் முழுக்கக் குறுக்குக் கோடு.

“போன் பழுதாடா?” என்று கேட்டேன்.

“இல்ல சாச்சா, பழைய ரீவி மாதிரித் தெரியிறதுக்கு நான்தான் கோடு போட்டு வச்சிருக்கிறன்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் கோடும் புள்ளியும் வந்தால் நாங்கள் ரீவியின் தலையில் அடித்த ஆட்கள்.

பிறகு தேடி வாசித்தேன். அது வெறும் சோடனை இல்லை. அந்தக் கேம்களுக்குப் படம் வரைந்தவர்கள் அந்தக்கால ரீவியின் மங்கலையும் கணக்கில் எடுத்திருக்கிறார்கள். 1991இல் வந்த சோனிக் கேமில் நீர்வீழ்ச்சி என்பது இடைவெளி விட்டுக் கீறிய நேர்க்கோடுகள்தான். பழைய ரீவியில் அவை ஒன்றோடொன்று கலந்து, பின்னால் இருப்பது தெரிகிற தண்ணீராகிவிடும். இன்றைய ஸ்கிரீனில் கோடு கோடாகவே நிற்கும். தெளிவு கூடினால் தண்ணீர் இல்லை!

நான் ரீவி கேம் பார்த்தது புத்தளத்தில். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணித்தியாலத்துக்குள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு இரண்டு வயது. உம்மாவின் இடுப்பில் வந்தேனாம். ஓலைக் குடிசையில் வளர்ந்து, பத்துப் பதினொரு வயதில்தான் அந்தச் சாமானைக் கண்டேன். சவூதியிலிருந்து வந்த ஒருவர் தன் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்திருந்தார். 1983இல் நிண்டெண்டோ விட்ட ஃபேமிகொம் மெஷினின் கள்ளக் கொப்பி அது என்று அப்போது யாருக்குத் தெரியும்? கசட்டில் 9999 கேம் என்று போட்டிருக்கும். உள்ளே கொஞ்சம்தான், மற்றதெல்லாம் அதே கேம், வேறு நம்பரில். வேலை செய்யாவிட்டால் கழற்றி ஊதுவோம். ஊதியதில் ஒன்றும் நடக்கவில்லையாம், கழற்றித் திரும்பப் போட்டதுதான் வேலை செய்ததாம். பத்துப் பன்னிரண்டு பொடியன்கள் பாயில் இருப்போம். ஒரு உசிர் போனால் அடுத்தவன் முறை.

இதை நேற்று ஸ்டாஃப் றூமில் சொன்னேன். யாழ்ப்பாணத்திலேயே வளர்ந்த, என் வயதுச் சேர் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

“உங்களுக்குக் கோடு விழுந்த ரீவியாவது இருந்தது சேர். எங்களுக்குக் கரண்டே இல்லை.”

1990இல் நின்ற மின்சாரம் பல வருடம் வரவில்லை. படிப்பு ஜாம் போத்தல் விளக்கில். பற்றரிக்கும் தடை. றேடியோவில் பாட்டுக் கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் கரண்ட் எடுத்திருக்கிறார்கள். “கை நோகும், பாட்டு இழுபடும். தம்பி கத்துவான், நிப்பாட்டாதை எண்டு” என்றார்.

ஒரே ஊரில் பிறந்த, ஒரே வயதுக்காரர் இரண்டு பேர். சின்ன வயதைக் கதைத்தால் இருவருக்கும் பொதுவாக ஒரு சாமான் கிடையாது. அந்த இரண்டு மணித்தியாலத்தைப் பற்றி நாங்கள் ஒருநாளும் கதைத்ததில்லை. நேற்றும் கதைக்கவில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு திடீரென்று கேட்டார்: “சேர், பாம்பு விளையாடி இருக்கிறியளோ?”

அவ்வளவுதான். மணி அடிக்கும் வரை அதே கதை. 1997இல் தனெலி அர்மாண்டோ என்பவர் நோக்கியா 6110 போனுக்குச் செய்த கேம் அது. எங்கள் இருவர் கைக்கும் அது வந்தது டோர்ச் வைத்த நோக்கியா 1100இல், ஏ9 பாதை திறந்த பிறகு. அங்கே வாப்பாவின் போனில் நானும், இங்கே அண்ணனின் போனில் அவரும் 2, 4, 6, 8 பட்டன்களைத் தேயத் தேய அமத்தியிருக்கிறோம். நீண்ட பாம்பு தன்னையே கடித்துச் செத்தபோது, இரண்டு ஊரிலும் ஒரே சத்தம்தான் போட்டிருக்கிறோம்.

வாப்பாவின் அந்தப் போன் இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது. சார்ஜர்தான் இல்லை. “தடிச்ச பின் சார்ஜர் என்னட்டை இருக்கு, கொண்டாறன்” என்றார்.

நாளைக்குப் போனைக் கொண்டுபோகிறேன். ஒரு உசிர் போனால் மற்றவர் முறை. அந்த இரண்டு மணித்தியாலத்தையும் ஒருநாள் கதைப்போம், இன்ஷா அல்லாஹ். முதலில் பாம்பு.

உங்கள் வீட்டு லாச்சியில் என்ன கிடக்கிறது? எழுதுங்கள்.