வந்த நாள்

களக்காட்டுப் பக்கத்தில் பிறந்தவர்களுக்கு டோனாவூர் என்றால் ஆஸ்பத்திரி. காய்ச்சல் மூன்றாம் நாளும் விடவில்லையா, வண்டியைக் கட்டு. பரம சுக சாலை என்று அதற்கு அழகான பெயர் உண்டு. யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓட்டுக் கட்டடங்கள், பெருக்கித் தெளித்த முற்றம், பின்னால் மேற்கு மலை. தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளை வளர்த்த ஒரு வீட்டிலிருந்து கிளைத்ததுதான் அந்த ஆஸ்பத்திரி என்பது, பெரியவனாகிப் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது.

ஆச்சிக்கு அதெல்லாம் முன்பே தெரியும். அறுபதுகளில் ஒருநாள் என் காதுவலிக்காக அங்கே உட்கார்ந்திருந்தோம். மருந்து விட வந்த அக்காளுக்குக் கழுத்திலும் காதிலும் பொட்டுத் தங்கம் இல்லை. பாம்படம் தொங்கும் தன் காதைத் தடவிக்கொண்டே ஆச்சி கேட்டாள்: "யாரு வீட்டுப் பிள்ளை தாயி நீ?"

"அம்மை வீட்டுப் பிள்ளை ஆச்சி."

எந்த அம்மை, எந்தத் தெரு என்று ஆச்சி மேற்கொண்டு கேட்கவில்லை. அதுவே எனக்கு அதிசயம். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம்கூட ஏழு தலைமுறை விசாரிக்காமல் இறங்காதவள் அவள்.

அம்மை என்றது ஏமி கார்மைக்கேலை. 1867இல் வட அயர்லாந்தில் பிறந்து, 1895இல் இந்தியாவுக்கு வந்து, திருநெல்வேலிச் சீமையிலேயே தங்கிவிட்டவர். ஊர் ஊராகப் பிரசங்கம் பண்ணப் புறப்பட்டவருக்குப் பிள்ளை வளர்க்கும் உத்தேசமே இருந்ததில்லை. 1901 மார்ச்சில், சிறுமிகளைத் தேவதாசிகளாக்க வளர்த்த பெருங்குளத்துக் கோயில் வீட்டிலிருந்து பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி தப்பி வந்து நின்றாள். முன்பே ஒருமுறை ஓடிப் பிடிபட்டதற்குத் தண்டனையாகக் கையில் சூடு போட்டிருந்தார்கள். அவளுக்குப் பின் ஒவ்வொன்றாக வந்தன. 1918 முதல் ஆண் குழந்தைகளையும் சேர்த்தார்கள்.

வெள்ளைக்காரி கதை என்றே எல்லாரும் இதைச் சொல்கிறார்கள். என்னைக் கேட்டால் பொன்னம்மாளை முன்னால் நிறுத்துவேன். இளவயதிலேயே கணவனை இழந்தவர். போட்டிருந்த நகைகளைத் தானாகவே கழற்றி வைத்தவர். வைத்திய வசதி உண்டென்று கைக்குழந்தைகளை நெய்யூரில் வைத்து வளர்த்தபோது அந்தப் பொறுப்பு முழுவதும் அவர் தலையில். 1907இல் வயிற்றுக்கடுப்பு பரவிப் பத்துக் குழந்தைகள் போய்விட்டன. மிஞ்சியவற்றை டோனாவூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 1915இல் புற்றுநோயில் இறந்தார். இரவு பகலாகப் பால் புகட்டி, மலம் துடைத்தவர் பெயர் எந்த நிறுவனர் பட்டியலிலும் வருவதில்லை.

அந்த வீட்டில் மேட்ரன், வார்டன் என்று யாரும் கிடையாது. தமிழ்ப் பெண்கள் அக்காள், வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சித்தி, ஆண்கள் அண்ணாச்சி. பாதிப் பிள்ளைகளுக்குப் பிறந்த தேதி தெரியாது. அதனால் அங்கே கொண்டாடியது வந்த நாள். அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குப் பூ, பரிசு, பாட்டு எல்லாம் உண்டு. வீட்டில் ஐந்தாவதாகப் பிறந்த எனக்குப் பிறந்தநாளைக்கு எண்ணெய்க் குளியலைத் தவிர ஒன்றும் கிடைத்ததில்லை என்பதால், இதைக் கேள்விப்பட்டபோது கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது.

அம்மையைப் பிள்ளை பிடிக்கிறவள் என்றும் பேச்சு இருந்தது. அதைச் சும்மா புறம் என்று தள்ளிவிட முடியாது. முத்தம்மாள் என்ற பெண்ணுக்காகத் தாய் கோர்ட்டுக்குப் போனாள். திருப்பி ஒப்படைக்கச் சொல்லித் தீர்ப்பானது. அதற்குள் பெண்ணைக் காணோம். பையன் வேஷம் போட்டு, கப்பலேற்றி, சீனாவரைக்கும் அனுப்பிவிட்டிருந்தார்கள். பெற்றவள் பக்கத்தை அம்மையின் புத்தகங்களில் தேடினால் கிடைக்காது. நம் கோயிலையும் குடும்பத்தையும் அவர் எழுதியிருக்கிற வேகத்தில் எனக்கு இன்றும் சில பக்கங்கள் தொண்டைக்குள் இறங்குவதில்லை. பிரீனாவின் கையை நினைத்துக்கொண்டால் மறுபடி எடுத்துப் படிக்கிறேன்.

அம்மை விழுந்தது எங்கள் களக்காட்டில். 1931இல், மருந்தகத்துக்கென்று வாடகைக்குப் பிடித்த வீட்டைச் சாயங்கால இருட்டில் பார்க்கப் போய், கக்கூசுக்கு வெட்டியிருந்த பள்ளத்தில் கால் ஒடிந்தது. அதற்குப்பின் ஏறக்குறைய இருபது வருஷம் அறையோடு சரி. படுக்கையிலிருந்தே புத்தகம் புத்தகமாக எழுதினார். 1951 ஜனவரியில் காலமானார். கல் வைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதால், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் 'அம்மை' என்று மட்டும் வெட்டினார்கள்.

இப்போது பையன்கள் இருந்த பக்கம் சந்தோஷ வித்யாலயா என்ற பள்ளிக்கூடம். சட்டம் மாறிவிட்டது. ஆதரவற்ற குழந்தையை முடிந்தவரை ஏதாவது ஒரு குடும்பத்தில் சேர்க்கப் பார்க்கிறார்கள். அதுதான் சரி. ஆனாலும் நூறு பேர் ஒரே அடுக்களையில் சாப்பிட்டு, அத்தனை பேரும் அண்ணன் தங்கையாக வளர்ந்த வீடு இனி எழும்பாது.

அங்கே வளர்ந்த எலக்ட்ரீசியன் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வயரிங் செய்ய வருவார். அவர் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். பெண் தரப்பில் இரண்டு பெஞ்சு. மாப்பிள்ளை தரப்பில் அண்ணாச்சிமார், அக்காள்மார், அவர்களோடு வந்த சின்னப் பிள்ளைகள் என்று வாசல்வரை கூட்டம். பெண்ணின் தாய்மாமன் அப்பாவிடம் வந்து ரகசியமாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு யாருமில்லேன்னுல்லா சொன்னாவ? ரெண்டாம் பந்திக்கு இலை பத்தாது போலிருக்கே!"