கம்பைலரும் நானும்

மைசூருக்கு வந்த முதல் வாரத்தில் கடைக்காரரிடம் பால் கேட்டு விழித்த அனுபவம் நம் சங்கத்து நண்பர்கள் பலருக்கும் இருக்கும். இங்கே பால் ஹாலு, புலி ஹுலி. நம் பகரம் ஹகரமாகிறது என்று கண்டுகொண்டதும் பாதிக் கன்னடம் வந்துவிட்டதாக ஒரு தைரியம் பிறக்கும். அந்தத் தைரியத்தோடுதான் சென்ற ஆண்டு லினக்ஸிலும் இறங்கினேன்.

என் ஆய்வுக்குப் புரத மூலக்கூறுகளின் அசைவைக் கணக்கிட வேண்டியிருந்தது. அதற்கென்றே 'குரோமாக்ஸ்' என்ற மென்பொருள் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டுக் குரோனிங்கன் பல்கலைக்கழகத்தில் தோன்றியது. மூலநிரலோடு இலவசமாகவே கிடைப்பது. அறையிலிருந்த மடிக்கணினியில், உபுண்டு 22.04-இல், அரை மணியில் கம்பைல் செய்துவிட்டேன். "இரண்டே நாளில் முடிவுகளைத் தருகிறேன், ஐயா" என்று ஆசிரியரிடம் வாக்கும் கொடுத்துவிட்டேன். அறிக்கை கொடுக்கப் பதினொரு நாள் இருந்தது.

ஆய்வுக்கூடத்துப் பெரிய இயந்திரத்தில் இருந்ததோ சென்ட்-ஓ.எஸ். 7. நான் கொண்டுபோனதை அது ஏறிட்டும் பார்க்கவில்லை. "ஜி-லிப்-சி 2.34 இல்லை" என்று ஒரே வரியில் கதவைச் சாத்திற்று. உபுண்டுவில் 'டெவ்' என்று முடியும் பொதியின் பெயர் அங்கே 'டெவல்' என்று முடியும். அது பால், ஹாலு சங்கதி, சமாளிக்கலாம். இது வயதுச் சங்கதி. அங்கிருந்த சி நூலகம் 2.17, என்னுடையது 2.35. பழையதோடு பிறந்த நிரல் புதிய இடத்தில் பெரும்பாலும் பிழைக்கும்; புதியதோடு பிறந்தது பழைய இடத்தில் பிழைக்காது.

சரி, அங்கேயே கம்பைல் செய்வோம் என்றால், கம்பைலர் ஜி.சி.சி. 4.8. குரோமாக்ஸின் 2022-ஆம் ஆண்டுப் பதிப்பு கேட்பது சி++ 17. அந்தக் கிழவருக்குத் தெரிந்தது சி++ 11 வரைதான். புதிய கம்பைலரை நிறுவவோ, நிர்வாகியின் கடவுச்சொல் என்னிடம் இல்லை. ஆகவே என் சொந்தக் கோப்புறைக்குள்ளேயே எல்லாவற்றையும் கட்டத் தொடங்கினேன். முதலில் ஜி.எம்.பி.; அதன்மேல் எம்.பி.எஃப்.ஆர்.; இரண்டின் மேலும் எம்.பி.சி.; பிறகுதான் கம்பைலர். அது தன்னைத் தானே மூன்று முறை பெற்றெடுக்கிறது! இரண்டாம் பிறவியும் மூன்றாம் பிறவியும் ஒத்திருக்கின்றனவா என்று சோதித்த பிறகே முடிந்தது என்கிறது. இரவு முழுதும் திரையில் வரிகள் ஓடின. நடுவில் ஒரு முறை வட்டில் இடமில்லாமல் நின்றும் போயிற்று. ஆசிரியர் கண்ணில் படாமல் நான்கு நாள் பின்வாசல் வழியாகவே போய்வந்தேன்.

ஒன்பதாம் நாள் குரோமாக்ஸ் ஓடியது. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "எப்படிக் கட்டினாய் என்று எழுதி வைத்திருக்கிறாயா?" என்று மட்டும் கேட்டார். எழுதவில்லை. இயந்திரம் நினைவில் வைத்திருந்த பழைய கட்டளைகளைத் துழாவி, நான்கு பக்கக் குறிப்பு எழுதினேன். அதற்கு அறிக்கையைவிட அதிக நேரம் பிடித்தது.

2024 ஜூன் 30-உடன் சென்ட்-ஓ.எஸ். 7-க்கு ஆதரவு நின்றுபோயிற்று. எங்கள் இயந்திரத்திலும் வேறு விநியோகம் போடப்போகிறார்களாம். அடுத்த ஆண்டு மாணவர் ஒருவர் நேற்று என் குறிப்பைக் கேட்டு வாங்கிப்போனார். கம்பைலர் பதிப்பு எண்களை மட்டும் பென்சிலால் அடித்துக் கொடுத்தேன்.