கேஸ் தீர்ந்துபோவதில்லை

சித்திரை வெயில் ஏறத் தொடங்கியதும் ஏ.சி. மெக்கானிக்குகள் அதிகம் கேட்பது இதைத்தான்: “கூலிங் வரலை, கேஸ் தீர்ந்துடுச்சு போல, வந்து போட்டுடுங்க.” இந்த எண்ணத்துக்குப் பாதிக் காரணம் அந்தச் சொல்தான் என்று நினைக்கிறேன். அடுப்பில் எரிவதும் கேஸ், ஏ.சி.யில் ஓடுவதும் கேஸ்; சிலிண்டர் தீர்வதைப் போல இதுவும் தீரும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் ஏ.சி.க்குள் எதுவும் எரிவதில்லை. மூடிய குழாய்க்குள் ஒரே கேஸ் திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. இன்டோர் காயிலில் ஆவியாகும்போது அறையின் சூட்டை வாங்கிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதை அழுத்தி அவுட்டோருக்குத் தள்ள, அங்கே சூட்டை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. சமையலறை ஃபிரிட்ஜும் இதே முறையில்தான் ஓடுகிறது. அதற்கு யாரும் வருடாவருடம் கேஸ் போடுவதில்லை.

“போன வருஷம் போட்டதும் ஜில்லுனு ஆயிடுச்சே” என்பார்கள். ஆகியிருக்கும். ஆனால் அன்றைக்கே ஃபில்டரையும் காயிலையும் கழுவியிருந்தால், குளிர்ச்சி எதனால் வந்தது என்று எப்படிச் சொல்வது? இங்கேதான் எங்கள் தொழிலிலேயே பலர் தவறுகிறார்கள். ஃபில்டரில் தூசி அடைத்தால் காயில் மேல் காற்று போதுமான அளவு படாது. காற்று குறைந்தால் உள்ளே திரவம் சரியாக ஆவியாகாது. அழுத்தம் இறங்கும், காயிலில் ஐஸ் கட்டும். பழைய ஆர்-22 கேஸ் ஏ.சி. ஓடும்போது அழுத்தம் காட்டும் கேஜ் முள் 60, 70 பிஎஸ்ஐ பக்கம் நிற்க வேண்டும், அழுக்கு ஏ.சி.யில் அது கீழே கிடக்கும். கேஸ் குறைந்த ஏ.சி.யிலும் முள் அதே இடத்தில்தான் இருக்கும், அதே ஐஸ்தான் தெரியும். கழுவாமல் முள்ளை மட்டும் நம்பி கேஸ் ஏற்றினால் அப்போதைக்கு அளவு சரியாகத் தோன்றும். பிறகு ஃபில்டரைக் கழுவியதும் அதே கேஸ் அதிகமாகிவிடும். ஆவியை மட்டுமே அழுத்தத் தெரிந்த கம்ப்ரஸருக்குள் திரவம் திரும்பி வந்தால் வால்வு உடையும். அதனால் முதலில் கழுவ வேண்டும், கேஜ் போடுவது அதற்குப் பிறகுதான்.

கழுவிய பிறகும் அழுத்தம் ஏறவில்லை என்றால் கேஸ் குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. குறைந்திருந்தால் அது எங்கோ ஒழுகியிருக்கிறது. ஃபிரிட்ஜின் குழாய்கள் ஃபாக்டரியிலேயே ஒட்டி வருகின்றன, ஸ்பிளிட் ஏ.சி.யை வீட்டுச் சுவரில்தானே இணைக்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான், தேடுவதையும் அந்த இணைப்பில் உள்ள ஃப்ளேர் நட்டிலிருந்தே தொடங்க வேண்டும். கேஸோடு கம்ப்ரஸர் ஆயிலும் சுற்றுவதால், ஒழுகும் இடத்தில் ஆயில் கசிந்து, தூசி படிந்து கறுப்பாகப் பிசுபிசுக்கும். சோப்பு நுரை தடவினால் முட்டை விடும். காயிலுக்குள் ஓட்டை என்றால் நைட்ரஜன் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும்.

இதற்கெல்லாம் ஆகும் கூலியைவிட டாப்-அப் மலிவு என்ற வாதம் ஒரு கோடைக்கு மட்டுமே செல்லும். திரும்பி வரும் குளிர்ந்த கேஸ்தான் கம்ப்ரஸரின் சூட்டைத் தணிக்கிறது. அது குறைந்தால் கம்ப்ரஸர் சூடேறி, நிற்காமல் ஓடி, கரண்ட் பில்லை ஏற்றி, கடைசியில் தானும் போய்விடும். புதிய ஏ.சி.களில் உள்ள ஆர்-32 எளிதில் பற்றாவிட்டாலும் தீப்பிடிக்கக்கூடியது. புவியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப் போல 675 மடங்கு வீரியம் உள்ளது. அதைத் தெரிந்தே ஒழுகவிடுவது எனக்கு ஒப்பவில்லை. அதோடு, இன்வெர்ட்டர் ஏ.சி.யில் கம்ப்ரஸரின் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் முள்ளும் நிலையாக நிற்காது. எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்று அவுட்டோர் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும். ஒழுகலை அடைத்து, வாக்யூம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் அரை மணி நேரமாவது இழுத்துவிட்டு, சிலிண்டரைத் தராசில் வைத்து அந்தக் கிராமை ஏற்ற வேண்டும்.