ஜாமீன் கையெழுத்து

வல்லரசுகள் ஏன் சண்டைக்குப் போகின்றன என்பதற்கு ஓரளவு பதில் கிடைத்துவிடும். நிலம், எண்ணெய், கடல்வழி, அடுத்தவன் நம்மைவிடப் பெரியவனாகிவிடுவானோ என்கிற பயம். எனக்குப் புரியாமல் இருந்தது இன்னொன்று. ‘எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை’ என்று ஒதுங்கி நின்ற நாடு, ஒருநாள் துப்பாக்கியோடு நடுவில் போய் நிற்கிறதே, அது எப்படி?

1914 ஆகஸ்டில் அமெரிக்கா தன்னை நடுநிலை என்று அறிவித்தது. 1917 ஏப்ரலில் போரில் இறங்கிவிட்டது. ஜெர்மானிய நீர்மூழ்கிகள் அமெரிக்கர்கள் பயணம் செய்த கப்பல்களை மூழ்கடித்தன என்று பள்ளியில் படித்தோம். அதற்கு முன்பே பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் அமெரிக்க வங்கிகள் ஏராளமாகக் கடன் கொடுத்திருந்தன என்பதை நான் ரொம்பப் பின்னாடிதான் படித்தேன்.

ஆனால் இந்தக் கேள்விக்கு அமெரிக்கா வரைக்கும் போக வேண்டியதில்லை. கே.கே. நகரில் நான் வாடகைக்கு இருக்கிற அபார்ட்மென்டிலேயே இரண்டு சாட்சிகள் இருக்காங்க. முதல் மாடியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓர் ஆன்ட்டி. கேட்டில் வாட்ச்மேன் அண்ணன். வேலூர்ப் பக்கத்துக்காரர், ராணுவத்தில் இருந்தவர். 1987 அக்டோபரில் ரெண்டு பேருமே யாழ்ப்பாணத்தில்தான் இருந்திருக்காங்க. அவங்க வீட்டுக்குள்ளே, இவர் தெருவில்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைப் பிரச்சினையில் இந்தியா மத்தியஸ்தர். 1985-இல் திம்புவில் எல்லோரையும் உட்கார வைத்துப் பேசியது. அதே காலத்தில் தமிழ்ப் போராளி இயக்கங்களுக்குப் பயிற்சியும் ஆயுதமும் கொடுத்துக்கொண்டிருந்ததும் இந்தியாதான். 1987 ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் ‘பூமாலை’. ஜூலை 29, கொழும்பில் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதிப்படை போனது. அக்டோபர் 10, புலிகளோடு போர் தொடங்கியது. எண்ணிப் பாருங்கள், 73 நாள்.

ஏன் என்று தெரிய, ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் பரிமாறிக்கொண்ட கடிதங்களையும் படிக்கணும். திருகோணமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டு ராணுவமும் பயன்படுத்தக் கூடாது. அங்கிருக்கும் எண்ணெய்க் கிடங்குகளை இரு நாடுகளும் சேர்ந்து சீரமைக்கணும். வெளிநாட்டு வானொலி நிலையங்கள் ராணுவ, உளவு வேலைக்குப் பயன்படக் கூடாது. பனிப்போர்க் காலம் அது. தமிழர்கள் மேல் இருந்த அக்கறை பொய் என்று நான் சொல்லமாட்டேன். அந்த அக்கறைக்குப் பின்னால் ஒரு துறைமுகமும் இருந்தது, அவ்வளவுதான்.

ஜெயவர்த்தனாவுக்கும் ஒரு கணக்கு இருந்தது. தெற்கே ஜே.வி.பி. கிளர்ச்சி வலுத்துக்கொண்டிருந்தது, அதைச் சமாளிக்க வடக்கில் மாட்டியிருந்த அவருடைய ராணுவம் விடுபட வேண்டும். புலிகளோ ஒப்பந்தத்தில் கையெழுத்தே போடவில்லை. போடாதவர்களிடமிருந்து ஆயுதத்தை வாங்கித் தருகிறேன் என்று பொறுப்பேற்றது இந்தியா. நம்ம ஊரில் அடுத்தவர் கடனுக்கு ஜாமீன் போட்டவர்கள் கதையைக் கேட்டவர்களுக்கு மிச்சம் புரிந்துவிடும். செப்டம்பர் 26, உண்ணாவிரதமிருந்த திலீபன் இறந்தார். அக்டோபர் 5, பிடிபட்டு பலாலியில் இருந்த புலிகளில் பன்னிரண்டு பேர் சயனைடு தின்று செத்தார்கள். அடுத்த சில நாட்களில் பீரங்கி பேச ஆரம்பித்தது.

“இந்தியன் ஆமி வரேக்க நாங்கள் மாலை போட்டு வரவேற்றனாங்கள் பிள்ளை,” என்றார் ஆன்ட்டி. “பேந்து அவைக்குப் பயந்துதான் பங்கருக்குள்ள இருந்தம்.” அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் சுட்டுக் கொல்லப்பட்டதைப் பற்றி மட்டும் அவர் பேசுவதில்லை.

வாட்ச்மேன் அண்ணன் சொன்னது: “சண்டைன்னு சொல்லி அனுப்பல சார். ரெண்டு மாசத்துல வந்துடலாம்னாங்க. எதிர்ல இருக்கிறவன் தமிழ்ல திட்டுறான். நானும் தமிழ்லதான் திட்டுனேன்.”

ஆன்ட்டிக்கு அவர் எங்கே இருந்தவர் என்று தெரியும். அவருக்கும் இவங்களைத் தெரியும். மெட்ரோ வாட்டர் லாரி வந்துச்சா இல்லையா என்பது தவிர ரெண்டு பேரும் வேறெதுவும் பேசி நான் பார்த்ததில்லை.

1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் இறந்தார்கள். செத்துப்போன யாழ்ப்பாணத்துச் சனங்களுக்கு எல்லோரும் ஒப்புக்கொள்கிற கணக்கே இல்லை. இந்தியாவை அழைத்த கொழும்பு, பிரேமதாசா ஜனாதிபதியானதும் 1989-இல் வெளியே போகச் சொன்னது. 1990 மார்ச்சில் கடைசிப் படை சென்னைக்குத் திரும்பியபோது, முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படை என்பது அவர் சொன்ன காரணம். எங்கள் ஏரியாவின் முழுப்பெயர் கலைஞர் கருணாநிதி நகர். அந்தப் படையில் இருந்த ஒருவர் இன்றைக்கு அங்கேதான் கேட் திறந்து மூடுகிறார். அவர் போகாதது சரியா என்று ரெண்டு பேரையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இப்போதெல்லாம் ஏதாவது ஒரு நாடு ‘நாங்க நடுநிலை’ என்று சொன்னால் ரெண்டு விஷயம் தேடிப் பார்ப்பேன். அது யாருக்குக் கடனோ துப்பாக்கியோ கொடுத்து வைத்திருக்கிறது? யாருடைய துறைமுகத்தைப் பார்த்துப் பயப்படுகிறது? ரெண்டுக்கும் பதில் இருந்தால், அந்த நாடு ஏற்கெனவே பாதி உள்ளே போய்விட்டது. மீதிப் பாதிக்கு அனுப்பப்படுபவனுக்குத்தான் அது தெரியாது.