கண்ணகை என்னும் பெயர்

கிரானிலே பிறந்த எனக்கு அம்மம்மா இட்ட பெயர் கண்ணகை. ஊரில் இருந்தவரை அப்பெயரால் எனக்குத் தொல்லை ஏதும் நேர்ந்ததில்லை. பரீட்சை விண்ணப்பம் நிரப்பிய நாளில் ஆசிரியர் ஒருவர், "கண்ணகி என்பதே சரி, கண்ணகை என்பது படியாதவர் வழக்கு" என்றார். வகுப்பு சிரித்தது. பெயரை மாற்றியே தீர்வதென்ற உறுதியோடு வீடு திரும்பினேன்.

அம்மம்மா வாதாடவில்லை. "மதுரைய எரிச்சவட பேர உனக்கு வைக்கல்ல மகள், குளிர்ந்தவட பேரத்தான் வெச்சன்" என்றார். நான் செவிசாய்க்கவில்லை, மறுநாள் 'கண்ணகி' என்றே எழுதிக் கொடுத்தேன்.

அச்சொல்லின் பொருள் பல்கலைக்கழகம் புகுந்த பின்னரே விளங்கிற்று. சிலப்பதிகாரக் கண்ணகி மதுரையை எரியூட்டிப் பதினான்காம் நாள் கோவலனோடு விண்ணேறுகிறாள். சேரன் செங்குட்டுவன் அவளுக்குக் கோயில் எடுத்தபோது இலங்கைக் கயவாகு மன்னனும் உடனிருந்தான் என அக்காப்பியமே கூறும். சிங்கள மக்களும் அவளைப் பத்தினித் தெய்வமாக வழிபடுவர். மட்டக்களப்புப் பகுதியிலோ, காரைதீவு, செட்டிபாளையம் முதலிய ஊர்களில் அவள் கண்ணகை அம்மன். வைகாசித் திங்களில் கோயிற் கதவு திறந்து சடங்கு நிகழும். கண்ணகி வழக்குரை பாடப்படும். நிறைவாக வருவது குளிர்த்தி. சினந்த தெய்வத்தைக் குளிர்வித்து, மழையும் நோயின்மையும் வேண்டி நிற்பது அது. காப்பியம் அவளை விண்ணுக்கு அனுப்பிற்று. எம்மவரோ சினம் ஆற்றி ஊரிலேயே இருத்திக்கொண்டனர்.

இலக்கணமும் அம்மம்மாவின் பக்கமே நிற்கிறது. கண்ணும் நீரும் புணரக் கண்ணீர். கண்ணும் நகையும் புணரக் கண்ணகை. கண்ணில் நகையுடையாள் என்று புலவர் கொள்ளும் பொருளை, பிழையெனத் தள்ளப்பட்ட வடிவமே வெளிப்படையாகக் காட்டுகிறது. கண்ணகி என்பது பிழை என்பதன்று என் வாதம்; அது காப்பியம் வழங்கிய வடிவம், இது கோயில் வழங்கிய வடிவம்.

இன்று என் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் கண்ணகை. பரீட்சைச் சான்றிதழில் கண்ணகி. அலுவலகந்தோறும் இருவரும் ஒருவரே எனச் சத்தியக் கடதாசி கொடுக்க வேண்டியிருக்கிறது. முதன்முறை அதிற் கையொப்பமிட்டபோது அம்மம்மா உயிரோடில்லை. இருந்திருப்பின், அன்று சிரித்த வகுப்புக்குச் சொல்ல வேண்டியிருந்ததை அவருக்கேனும் சொல்லியிருப்பேன்.